கொஞ்சம் இறங்கிக்கிறீங்களா?

ஆடிப் பதினெட்டு அன்று திருச்சி மன்னார்புரத்திலிருந்து ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக்குக் காரில் போனோம். எட்டு ஒன்பது கிலோமீட்டர் இருக்கும். அந்தத் தூரத்துக்குள் என் அம்மா பதினொரு தடவை காரைவிட்டு இறங்கி ஏறினாள். வண்டியில் கோளாறு ஏதும் இல்லை. பெட்ரோல் இருந்தது. ஓட்டிய நானும் தெளிவாகத்தான் இருந்தேன். எல்லாவற்றுக்கும் காரணம் இரண்டு அங்குலம்.

என்னுடையது மாருதி ஆல்ட்டோ. 796 சிசி, மூன்று சிலிண்டர், பன்னிரண்டு அங்குலச் சக்கரம். வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே 160 மில்லிமீட்டர் இடைவெளி. பதினான்கு வருஷமாக ஓட்டுகிறேன். அந்த 160-ஐப் பற்றி ஒரு நாள்கூட யோசித்ததில்லை. யோசித்தவன் என் அக்கா மகன். மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம் படிக்கிறான். லீவுக்கு வந்தவன் வாசலில் நின்ற காரை இரண்டு தடவை வலம் வந்துவிட்டுச் சொன்னான்:

"மாமா, வண்டி நிக்கிற தோரணையே சரியில்ல. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வாய்க்காலைத் தாண்டப் போற ஆள் மாதிரி நிக்குது."

அதுவரை என் கண்ணுக்கு அது கார். அதற்குப் பிறகு வேட்டியை மடித்துக் கட்டிய ஆளாகவே தெரிய ஆரம்பித்தது. ஒரு வார்த்தையால் மனுஷனைக் கெடுப்பது இதுதான்.

"லோ பண்ணிடலாம் மாமா. ரெண்டு இன்ச் இறக்கினா போதும். எடை கீழ போயிடும், வளைவுல சாயாது. மன்னார்புரம் ரவுண்டானாவை அறுபதுல சுத்தலாம்."

மன்னார்புரம் ரவுண்டானாவில் நான் பார்த்த உச்ச வேகம் பதினைந்து. அதுவும் ஆம்புலன்ஸ். பஸ்ஸும், காஜாமலைக்குத் திரும்புகிற ஷேர் ஆட்டோவும், எதிர்த்திசையில் வருகிற தண்ணீர் லாரியும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தை விரும்பும் ஸ்தலம் அது. ஜங்ஷன் மேம்பாலத்தில் எங்கள் பக்கம் வரவேண்டிய கை, ராணுவ நிலம் கைக்கு வரும்வரை வருஷக்கணக்கில் அந்தரத்தில் நின்றதைப் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். எங்களிடம் வேகத்தைப் பற்றிப் பேசலாமா? ஆனாலும் அறுபது என்ற எண் காதில் இனித்தது. ஐம்பதைத் தொடும் வயதில் ஆண்களுக்கு இப்படி ஒரு சபலம் வரும். சிலர் தலைக்கு மை பூசுவார்கள். நான் ஸ்பிரிங்கை அறுத்தேன்.

பையன் சரித்திர ஆதாரமும் வைத்திருந்தான். அமெரிக்காவில், கலிபோர்னியாவில், மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் காரைத் தரையோடு தரையாக இறக்கி ஊர்வலம் போவதை ஒரு கலையாகவே வளர்த்தார்களாம். சக்கரத்தின் இரும்பு வளையத்துக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் தொங்கக் கூடாது என்று 1958-இல் அங்கே சட்டமே வந்தது. அடுத்த வருஷமே ரான் அகிர்ரே என்ற இளைஞர் ஹைட்ராலிக் பம்புகளைக் காரில் பொருத்திவிட்டார். பொத்தானைத் தட்டினால் வண்டி இறங்கும். போலீஸ்காரர் தலை தெரிந்தால் ஏறும். ஊர்வலங்களுக்கு இருந்த தடையையும் இந்த உயரக் கட்டுப்பாட்டையும் கலிபோர்னியா 2023-இல்தான் சட்டம் போட்டு நீக்கியது.

"பாத்தீங்களா மாமா, அறுபத்தஞ்சு வருஷப் போராட்டம்" என்றான். ஏதோ உப்புச் சத்தியாக்கிரகத்துக்குப் போகிற மாதிரி நானும் பட்டறைக்குக் கிளம்பினேன்.

பட்டறைக்காரர் நல்ல மனிதர். முதலில் தடுத்துப் பார்த்தார். "சார், இறக்குறது அரை நாள் வேலை. திரும்ப ஏத்தணும்னா புது ஸ்பிரிங்தான். இது முடி மாதிரி இல்ல சார், வெட்டினா வளராது."

"வளர வேண்டாம்" என்றேன், வசனம் மாதிரி.

நாலு ஸ்பிரிங்கையும் கழற்றி, கட்டிங் மெஷினை வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சுற்றுக்கு மேல் அறுத்தார். தீபாவளி மத்தாப்பு போலப் பொறி பறந்தது. கேஸ் வைத்து அறுத்தால் சூட்டில் கம்பியின் குணம் போய்விடுமாம். அந்தப் பாவத்தை அவர் செய்ய மாட்டாராம். அறுத்த துண்டுகளை ஒரு பையில் போட்டு, ஆபரேஷன் முடிந்து டாக்டர் கல்லைக் கையில் கொடுப்பது போல என்னிடம் கொடுத்தார்.

ஸ்பிரிங்கை அறுத்தால் உயரம் மட்டும் குறையும் என்று நினைத்திருந்தேன். கூடவே விறைப்பும் ஏறிவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆறு சுற்றில் ஒரு சுற்றை எடுத்துவிட்டால் மிஞ்சிய ஐந்து சுற்று ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக முறைத்துக்கொண்டு நிற்கும். வயதானால் முதுகு குறுகுவதும் விறைப்பதும் சேர்ந்தே வருகிறதல்லவா, அந்தக் கணக்குத்தான். வண்டி மேலும் கீழும் போய்வர இருந்த இடத்திலும் இரண்டு அங்குலம் போயிற்று. குழி வந்தால் ஸ்பிரிங் கொஞ்சம் இறங்கும். உடனே பம்ப் ஸ்டாப் என்கிற ரப்பர் கட்டையில் போய் இடிக்கும். அந்த இடி ஷாக்கப்சர், பாடி, சீட் வழியாக நேரே தண்டுவடத்துக்கு வந்து சேரும். நடுவில் வாங்கிக்கொள்ள ஆளில்லை.

மாலையில் காரை வாசலில் நிறுத்தினேன். தோரணை வந்துவிட்டது, மறுப்பதற்கில்லை. பதுங்கிய சிறுத்தை மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கேட்டைத் திறந்துகொண்டு ஓடி வந்தார்.

"என்ன சார், நாலு டயர்லயும் காத்து இறங்கிருச்சா?"

அவர் போன பிறகு எங்கள் தெரு நாய் வந்தது. செம்பட்டை நிறம், எலும்பும் தோலுமான உடம்பு. பல வருஷமாக மதியத் தூக்கம் என் காருக்கு அடியில்தான். வழக்கம்போலத் தலையைக் குனிந்து நுழைந்தது, முதுகு இடித்தது. பின்வாங்கி அடுத்த பக்கம் போய்ப் பார்த்தது. அங்கும் இடித்தது. பிறகு உட்கார்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தது. வாடகை பாக்கியில்லாத ஆளைக் காலி செய்யச் சொன்னால் எப்படிப் பார்ப்பார், அப்படி.

அடுத்து வந்ததுதான் ஆடிப்பெருக்கு.

முன் சீட்டில் அம்மா. பின்னால் மனைவி, அக்கா, அக்கா மகன். தேங்காய் சாதம், புளியோதரை, எலுமிச்சை சாதம் என்று மூன்று தூக்கு. தயிர் சாதத்துக்குத் தனி அடுக்கு. சின்னக் காருக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. பெரிய வண்டியில் ஐந்து பேர் ஏறினால் அதற்கு அது உறைக்காது. ஆல்ட்டோவின் எடையே முக்கால் டன்தான். ஐந்து பேரும் அடுக்குத் தூக்கும் ஏறினால் அதன் எடையில் கிட்டத்தட்டப் பாதியை அதன் தலையிலேயே ஏற்றுகிறோம். இங்கிலாந்தில் 1959-இல் மினி காரை வடிவமைத்த அலெக் இசிகோனிசுக்கும் இதே கவலை இருந்தது. அவருக்காக அலெக்ஸ் மோல்ட்டன் என்ற பொறியாளர் இரும்புச் சுருளுக்குப் பதிலாக ரப்பர் கூம்புகளை வைத்தார். பாரம் ஏற ஏற ரப்பர் தானாக விறைத்துக்கொள்ளும். அவர்கள் யோசித்துச் சேர்த்ததை நான் யோசிக்காமல் அறுத்திருந்தேன்.

தெருமுனை வேகத்தடை வந்தது. முன்சக்கரம் ஏறி இறங்கியது. அடுத்த நொடி, அடியில் 'டர்ர்ர்' என்று கடப்பாரையால் சிமெண்டுத் தரையைக் கீறுகிற சத்தம். வண்டி நின்றுவிட்டது. முன்சக்கரம் அந்தப் பக்கம், பின்சக்கரம் இந்தப் பக்கம். நடுவில் வேகத்தடை எங்கள் வயிற்றைத் தாங்கிக்கொண்டிருந்தது.

"மாமா, லோடு அதிகம். ரெண்டு பேர் இறங்கினா வண்டி ஏறிக்கும்" என்றது பின்சீட்டுப் பொறியியல்.

"கொஞ்சம் இறங்கிக்கிறீங்களா?" என்று கேட்டேன். அந்த வாக்கியம் என் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. எல்லோரும் இறங்கினார்கள். வண்டி பெருமூச்சு விட்டது போல எழுந்தது. கலிபோர்னியாக்காரனுக்கு ஹைட்ராலிக் பம்பு, எனக்கு அம்மா.

அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. தூரத்தில் மேடு தெரிந்ததும் அம்மா புளியோதரைத் தூக்கை இடுக்கிக்கொண்டு கதவுக் கைப்பிடியைப் பிடிப்பாள். நான் நிறுத்துவேன். நால்வரும் இறங்கி, தடையைக் கால்நடையாகக் கடந்து, அந்தப் பக்கம் நிற்பார்கள். நான் ஸ்டியரிங்கை ஒடித்து, குறுக்காக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குவேன். குறுக்காக ஏற்றத் தெரு முழுவதும் வேண்டும். அதனால் பின்னால் வந்த பஸ்ஸும் எதிரே வந்த ஆட்டோவும் இந்தச் சடங்கு முடியும்வரை காத்திருந்தன. ஒரு ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "அம்மா, நீங்க இதுல ஏறுங்க. அண்ணன் காரைத் தூக்கிட்டு வரட்டும்" என்றார்.

தலைமைத் தபால் நிலையம், மெயின்கார்டு கேட், சத்திரம் பேருந்து நிலையம் என்று இறங்கி ஏறி, காவிரிப் பாலத்தை அடைந்தோம். 1976-இல் கட்டிய பாலம். 2022 நவம்பரில் போக்குவரத்தை நிறுத்தி, தேய்ந்துபோன இணைப்புகளையெல்லாம் மாற்றி, சில மாதம் கழித்துத் திறந்தார்கள். புது இணைப்பில் மற்ற கார்கள் வழுக்கிக்கொண்டு போயின. என் கார் ஒவ்வொன்றையும் எண்ணிச் சொன்னது. பாலம் முழுவதும் 'டக்... டக்...' என்று பற்கள் மோதும் சத்தம். என்னுடையதா அக்காவுடையதா என்று தெரியவில்லை. கீழே காவிரி இரு கரையும் தொட்டுப் பெருகி ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீரே ஏறி வருகிற நாளில் நான் மட்டும் இறக்கியிருக்கிறேனே என்று உறைத்தது.

மாம்பழச் சாலை தாண்டி அம்மா மண்டபம் சாலையில் திரும்பினால் ராஜகோபுரம் தெரியும். 236 அடி. விஜயநகரத்து அச்சுதராயர் காலத்தில் ஆரம்பித்து அடித்தளத்தோடு நின்றுபோனது. நூற்றாண்டுக் கணக்கில் மொட்டைக் கோபுரமாகவே கிடந்ததை, அஹோபில மடத்து ஜீயர் முன்னின்று பதின்மூன்று நிலையாக எழுப்ப, 1987-இல் குடமுழுக்கு நடந்தது. குட்டையாக இருந்ததை விடாப்பிடியாக உயர்த்திக் காட்டிய ஊர் இது. அந்த ஊருக்குள் நான் பதினொரு சென்டிமீட்டர் உயரத்தில் ஊர்ந்து போனேன்.

அம்மா காவிரிக்கு மஞ்சளும் காதோலை கருகமணியும் விட்டுக் கும்பிட்டுவிட்டுச் சொன்னாள்: "நூத்தெட்டு திவ்யதேசத்துல இதுதான்டா முதல். முதலுக்கே பதினொரு தரம் இறங்கிட்டேன். மிச்சம் நூத்தேழுக்கும் என்னைக் கூப்பிடாதே."

வீடு திரும்பியதும் பையன் டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினான். ஒரு வாரம் மன்னார்புரத்துத் தடைகளையெல்லாம் அளந்தான். இந்தியச் சாலை காங்கிரஸ் வேகத்தடைக்கென்றே ஒரு விதிமுறை வைத்திருக்கிறது. உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர், 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு வில் போல மெதுவாக ஏறி மெதுவாக இறங்க வேண்டும்; 25 கிலோமீட்டர் வேகத்தில் அதைக் கடக்கலாம். ஆல்ட்டோவின் முன் பின் சக்கரங்களுக்கு நடுவே 2.36 மீட்டர். பையன் கணக்குப் போட்டான். விதிப்படி கட்டிய தடையில் கார் ஏறி நின்றால், நடு மேடு வயிற்றை நோக்கி எழும்புவது 4 சென்டிமீட்டர்தான். அதாவது என் காரை இறக்கியதில் தவறே இல்லை. ஐந்து பேரோடும் நாலு அடுக்கோடும் அலுங்காமல் போகும்.

"அப்போ நம்ம தெருத் தடை?"

"உயரம் 12 சென்டிமீட்டர், அகலம் அரை மீட்டர். இது வேகத்தடை இல்ல மாமா, வரப்பு."

எங்கள் தெருவில் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளை விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டால் மறுநாள் காலையில் ஒரு தடை முளைத்திருக்கும். மிச்ச சிமெண்டு எவ்வளவோ அவ்வளவு உயரம். அவற்றுக்கு வட்டமும் தெரியாது, ஆரமும் தெரியாது.

வீட்டு வாசல் கதை தனி. தெருவுக்கு ஒவ்வொரு தடவை தார் போடும்போதும் பழசைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டதில் ரோடு ஏறிக்கொண்டே வந்து, வீடு பள்ளத்துக்குப் போய்விட்டது. தமிழ்நாடு முழுக்க இந்தக் குறை உண்டு. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதுத் தார் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் உத்தரவே போட்டார். அதற்கு முன்னாலேயே எங்கள் தெரு மூன்று அடுக்கு ஏறிவிட்டது. ரோடு ஏற, கார் இறங்க, நடுவில் இருந்த சாய்வுமேடை தினமும் காலையில் என் ஆயில் சேம்பரைத் தடவிக் கொடுத்தது. எட்டு மணிக்கு 'டர்ர்' என்று கேட்டால் நான் ஆபீஸ் கிளம்பிவிட்டேன் என்று தெருவே கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டது.

ஆயுத பூஜை மறுநாள் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கடை வாசலெல்லாம் உடைத்த திருஷ்டிப் பூசணிக்காய். மற்ற வண்டிகள் அதன் மேலே போய்விட்டன. ஒரு அரைப் பூசணிக்காய் என் காருக்கு அடியில் வாகாகச் செருகிக்கொண்டு, குங்குமத்தோடு வீடு வரை வந்துவிட்டது. அம்மா குனிந்து பார்த்து வெலவெலத்துப் போனாள். "அடப்பாவி! எவனெவனோ கழிச்ச திருஷ்டியை எல்லாம் பொறுக்கிட்டு வந்திருக்கியேடா!" அன்று காருக்குச் சுற்றிப் போட்டதில் வீட்டிலிருந்த மிளகாய் வற்றல் தீர்ந்தது.

சரி, ரவுண்டானா? ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு, தெரு காலியாக இருந்தபோது, நாற்பதில் சுற்றிப் பார்த்தேன். பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சாய்வது கொஞ்சம் குறைந்திருந்தது. ஆனால் தார் பெயர்ந்த இடத்தில் வண்டி ஒரு துள்ளு துள்ளி அரை அடி தள்ளிப் போய் விழுந்தது. அலைன்மென்ட் கடைக்காரர் பிறகு விளக்கினார். ஆல்ட்டோவுக்கு முன்னால் இருப்பது ஸ்ட்ரட் வகை சஸ்பென்ஷன். வண்டியை ரொம்ப இறக்கினால் கீழே உள்ள லோயர் ஆர்ம் சக்கரப் பக்கமாக மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். வளைவில் வண்டி எந்தப் புள்ளியை மையமாக வைத்துச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, பாடி இறங்கியதைவிட வேகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே தூரம் கூடுவதால் சாய்க்கிற நெம்புகோல் நீளமாகிறது. இறக்கினால் சாயாது என்பது பாதிதான் உண்மை. அந்தப் பாதியும் ஸ்பிரிங் விறைத்ததால் வந்தது.

பேசிக்கொண்டே டயரைத் தடவிப் பார்த்தவர் என் கையைப் பிடித்து உள்பக்கம் வைத்தார். வழுவழுவென்று இருந்தது. "சக்கரம் உள்வாக்குல சாஞ்சு நிக்குது சார். டயர் வெளிய பாத்தா மாப்பிள்ளை, உள்ள பாத்தா கிழவன்."

கடைசி அடி, காலை நடைக்கு வரும் வக்கீல் நண்பரிடமிருந்து விழுந்தது. "1988 மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவு. கம்பெனி கொடுத்த அமைப்பை நீங்களா மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியாச்சு. அதே வருஷம் சட்டத்தையும் திருத்திட்டாங்க. ஆறு மாசம் வரை ஜெயில், இல்லேன்னா மாத்தம் ஒண்ணுக்கு ஐயாயிரம் ரூபா அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம்."

"நாலு ஸ்பிரிங் அறுத்தேன். அது ஒரு மாத்தமா, நாலு மாத்தமா?"

"நல்ல கேள்வி. வாதாடலாம். ஃபீஸ் தனி."

அன்றைக்கே பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. புது ஸ்பிரிங் நாலு, பம்ப் ஸ்டாப் ரப்பர், ஷாக்கப்சர் இரண்டு, டயர் இரண்டு, நசுங்கிய சைலன்சருக்கு வெல்டிங். இறக்க இரண்டாயிரம் கொடுத்திருந்தேன். ஏற்றிக்கொள்ள இருபத்திரண்டாயிரம் ஆயிற்று. அங்குலத்துக்குப் பதினோராயிரம். மன்னார்புரத்தில் மனைகூட அந்த விலைக்குப் போகவில்லை.

பையன் லீவு முடிந்து எப்போதோ ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். போகும்போது, "அடுத்த தடவை சைலன்சரைப் பத்திப் பேசலாம் மாமா" என்றான். அம்மா அவன் கையில் புளிக்காய்ச்சல் டப்பாவைக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டுத்தான் திரும்பினாள். தெருமுனைத் தடை வந்தால் அவள் கை இன்னும் கதவுக் கைப்பிடிக்குப் போகிறது. "இறங்க வேண்டாம்மா" என்கிறேன்.

காரை இறக்க நினைக்கிறவர்கள் முதலில் தங்கள் தெருவை அளந்துவிடுங்கள். காருக்கு எவ்வளவு உயரம் வேண்டும் என்று என்னைக் கேட்டால், டேப் இல்லாமலே சொல்வேன்: ஒல்லியான ஒரு தெரு நாய் மதியத்தில் அடியில் படுத்துத் தூங்கும் அளவு. காரை ஏற்றிய மறுநாளே எங்கள் நாய் திரும்பி வந்துவிட்டது.